கருப்புக் குட்டி வெளுத்துப் போச்சு, செக்கை நிறுத்தலாமா?

கேள்வி: போன ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் 7 மாத மார்வாரிப் பெண் குட்டி வாங்கினேன். மை மாதிரி கருப்பு. விலை 2.4 லட்சம். 1.5 லட்சம் அங்கேயே கொடுத்தேன், மீதி 90 ஆயிரத்துக்கு இந்த ஆடித் தேதி போட்டு செக். ஒரு வருடத்துக்குள் குட்டி சாம்பலாகி, முகமெல்லாம் வெளுத்துவிட்டது. ஊரே சிரிக்கிறது, மனைவியின் நகை அடகில் இருக்கிறது. விற்ற சேலம் வியாபாரியிடம் கேட்டால் "அது அப்படித்தான் மாறும்" என்கிறார். ஸ்டேஷனில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அரிசி மண்டியோடு கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடலாம் என்று ஆசைப்பட்டேன். குதிரையைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் மன உளைச்சலுக்கு நஷ்டஈடும் வாங்க முடியுமா? செக்கை பேங்கில் சொல்லி நிறுத்திவிட்டேன், அதற்கு ஏதோ வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. வாங்கும்போது அவர் அனுப்பிய வீடியோவை இணைத்துள்ளேன். (வாசகர், தேனி மாவட்டம்)

பதில்: ஊர் சிரிப்பது, நகை, வியாபாரி பேசிய தொனி, இதெல்லாம் கோர்ட்டில் ஒரு வரிக்குக்கூட ஆகாது, விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விற்ற அன்று அவர் என்ன சொல்லி விற்றார்? "கருப்புக் குட்டி" என்று சொல்லி விற்றார், அன்று குட்டி கருப்பாகத்தான் இருந்தது. "கடைசி வரை கருப்பாகவே இருக்கும்" என்று எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லியிருந்தால் கதை வேறு. வாயால் சொன்னார் என்றால் சாட்சி யார்? தரகர் என்பீர்கள். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியவர் கூண்டில் ஏறி உங்களுக்காகப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

நீங்கள் அனுப்பிய வீடியோ உங்களுக்கு உதவும் என்று நினைத்திருக்கிறீர்கள், எதிர்த்தரப்பு வக்கீல் கையில் கிடைத்தால் சந்தோஷப்படுவார். பிறந்த குட்டி மை மாதிரி நிற்கிறது, பக்கத்தில் தாய் வெள்ளை, ஆனால் தாயின் மூக்கும் கண்ணோரமும் கருந்தோல். பிறவியிலேயே வெள்ளையான நுக்ராவாக இருந்தால் அந்த இடம் ரோஸாக இருக்கும். கருந்தோலில் வெள்ளை முடி என்றால் அந்தத் தாயும் ஒரு காலத்தில் கருப்பாகவோ செம்பழுப்பாகவோ இருந்து வெளுத்ததுதான். அந்தக் குணம் குட்டிக்கு இறங்க தாய் தகப்பனில் ஒருவரிடம் இருந்தாலே போதும், இரண்டு பேரிடமும் இல்லாமல் குட்டிக்கு வராது. இன்னொன்று, உண்மையிலேயே கருப்பாக நிற்கப்போகும் குட்டிகள் பெரும்பாலும் பிறக்கும்போது எலிச்சாம்பல் நிறத்தில்தான் இருக்கும், முதல் முடி உதிர்ந்த பிறகுதான் கருக்கும். பிறந்த அன்றே பளபளவென்று கருப்பு என்றால் விவரம் தெரிந்தவர் கண்ணைச் சுற்றி வெள்ளை முடி தட்டுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். உங்கள் சந்தை போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், இடது கண்ணைச் சுற்றி வளையம் தெரிகிறது. உடம்பில் மட்டும் வெள்ளை கலந்து தலையும் காலும் கருப்பாகவே நிற்கும் ரகமும் உண்டு, அது வருடா வருடம் வெளுக்காது. உங்களுடையது முகத்திலிருந்து வெளுக்கிறது, இனி நிற்காது.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19 சொல்வது இதுதான்: மறைத்தார் என்று நீங்கள் சொன்னாலும், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. தாயின் வீடியோ உங்கள் போனிலேயே இருந்திருக்கிறது. 1872-ல் எழுதிய அந்தச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு 17-க்குக் கொடுத்த உதாரணங்களே குதிரை விற்பனைதான். குறை தெரிந்தும் ஏலத்தில் வாய் திறக்காமல் விற்றால் அது மோசடி இல்லை. ஆனால் "நீங்கள் மறுக்கவில்லை என்றால் குதிரை சரியாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்லியும் விற்பவர் சும்மா நின்றால் மௌனமே பேச்சாகிவிடும். அப்படி ஏதாவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் இல்லை.

சாயம் பூசி விற்றிருந்தால் நான் வேறு மாதிரி பேசுவேன். 2022-ல் பஞ்சாப் சங்ரூர் மாவட்டத்தில் ஒருவர் 22 லட்சத்துக்கு மேல் விலை பேசி வாங்கிய கருங்குதிரை வீட்டில் குளிப்பாட்டியதும் செம்பழுப்பாகிவிட்டது, போலீஸ் வழக்குப் போட்டது. அது ஏமாற்று. உங்கள் குட்டிக்கு நடந்தது இயற்கை, ஸ்டேஷனில் அனுப்பிவிட்டதில் தப்பில்லை.

திருப்பிக் கொடுப்பதும் முடியாது. ஒரு வருடம் தீனி போட்டு வளர்த்துவிட்டு இப்போது ஏற்கவில்லை என்றால் சரக்கு விற்பனைச் சட்டம் ஒத்துக்கொள்ளாது. அதிகபட்சம் விலைக்குறைவுக்கு நஷ்டம் கேட்கலாம். அதையும் நிரூபிப்பது கஷ்டம், ஏனென்றால் இன்னும் சில வருடத்தில் அது வெள்ளைக் குதிரை, ஊர்வலத்துக்கும் சாரட்டுக்கும் ஆட்கள் தேடிப் பிடிப்பதே வெள்ளையைத்தான். நுகர்வோர் கமிஷன் என்றால், மண்டி நடத்துபவர் வாடகைக்கு விட வாங்கிய குதிரை வியாபார நோக்கம் என்று முதல் நாளே ஆட்சேபம் வரும். பிழைப்புக்காக வாங்கியவர் நுகர்வோர்தான் என்ற விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

சரி, இப்போது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதற்கு வருகிறேன். "ஏதோ வக்கீல் நோட்டீஸ்" இல்லை அது, உங்கள் வழக்கே அதுதான். பணம் இல்லாமல் செக் திரும்பினால்தான் கேஸ், நானே நிறுத்தினால் கேஸ் இல்லை என்று நினைத்து எத்தனையோ பேர் மாட்டியிருக்கிறார்கள். நிறுத்தினாலும் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138 பாயும் என்று சுப்ரீம் கோர்ட் எப்போதோ சொல்லிவிட்டது. நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள். அதற்குள் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை. தாண்டினால் அவர் அடுத்த ஒரு மாதத்தில் புகார் போடுவார், அதுவும் அவருடைய பேங்க் கிளை இருக்கும் சேலத்தில். வாய்தாவுக்கு வாய்தா தேனியிலிருந்து சேலம் போய் வருவீர்கள், நோக்கம் என்ன என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். கையெழுத்து உங்களுடையது என்றாலே கடனுக்காகக் கொடுத்த செக் என்று கோர்ட் அனுமானிக்கும், இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. குதிரையைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு கடனே இல்லை என்று எப்படிக் காட்டுவீர்கள்? விலைக்குறைவைக் கழிக்கலாம் என்று வாதாடலாம்தான், 90 ஆயிரமும் கழிந்துபோகிற அளவுக்கு நஷ்டம் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லை. நடுவில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லலாம், தோற்றால் 2 வருடம் வரை சிறை அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். குதிரையில் ஏமாந்தேன் என்று ஆரம்பித்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில் முடிகிறது, இதை நான் மாட்டு வியாபாரத்திலும் டிராக்டர் வியாபாரத்திலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், கேட்காதீர்கள், மறுத்தாலும் கிடைத்ததாகவே கணக்கு.

ஆகவே செட்டில் பண்ணுங்கள். முதலில் பேசிப் பாருங்கள், அவரும் சேலத்தில் வியாபாரம் பண்ணுகிறவர், அடுத்த ஆடிக்கும் அந்தியூர் வர வேண்டியவர், 20, 25 ஆயிரம் குறைத்து முடிக்க வாய்ப்பு இருக்கிறது. குறைத்தால் எழுத்தில், முழுக் கணக்கும் தீர்ந்தது என்ற வாசகத்தோடு வாங்குங்கள். 15 நாளுக்குள் பேச்சு முடியாது என்று தெரிந்தால் முழு 90 ஆயிரத்தையும் அவர் கணக்குக்கே அனுப்பிவிட்டு, உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன் என்று வக்கீல் மூலம் பதில் கொடுங்கள், பிறகு சிவிலில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பணத்தைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். செக்கைத் திரும்ப வாங்காமல் வராதீர்கள், அதோடு "பாதுகாப்புக்கு" என்று வெற்று செக் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து.

அப்புறம், கருப்புச் சாயம் அடித்து அடுத்தவர் தலையில் கட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், சங்ரூர் வழக்கில் குற்றவாளி வரிசையில் யார் நின்றார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் பாலிசியில் "கருப்பு" என்றுதான் இருக்கும், நாளைக்கு ஏதாவது ஆனால் இது அந்தக் குதிரையே இல்லை என்று கிளெய்மை நிறுத்துவார்கள். கால்நடை மருத்துவரிடம் புது அடையாளச் சான்று வாங்குங்கள். நிறத்தை நம்பாமல் சுழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று படம் போட்டு எழுதச் சொல்லுங்கள், உடம்பு முழுக்க வெளுத்தாலும் சுழி இடம் மாறாது. முடிந்தால் மைக்ரோசிப்பும் போட்டு, அந்த நம்பரோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.