ரிபோஃப்ளேவினும் சிவப்பணு நொதிகளும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வைட்டமின் பி2, அதாவது ரிபோஃப்ளேவின், உடலில் போதுமா என்று அறிய, அதன் அளவைப் பார்க்காமல் சிவப்பணுவில் உள்ள ஒரு நொதியைச் சோதிப்பது ஏன்?

பதில்: ரத்தத்தின் நீர்மப் பகுதியில் உள்ள ரிபோஃப்ளேவின் அண்மையில் உண்ட உணவுக்கேற்ப ஏறி இறங்கும், அது உடலுக்குள் பயன்படுகிறதா என்பதை அந்த அளவு சொல்லாது. குளூட்டாதயோன் ரிடக்டேஸ் என்னும் நொதியோ, ரிபோஃப்ளேவினிலிருந்து உருவாகும் எஃப்ஏடி என்ற துணைநொதி தன்னோடு இணைந்திருந்தால்தான் இயங்கும். ஆக்சிஜனைச் சுமந்து திரிவதால் ஓயாமல் ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாகும் சிவப்பணுவைக் காக்கும் குளூட்டாதயோனை, செலவான பிறகு மீண்டும் பயன்படும் வடிவத்துக்குத் திருப்புவது இந்த நொதியே. ஆகவே அதன் செயல்பாட்டை அளப்பது, வைட்டமின் வேலைக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதாகும்.

கேள்வி: என் அறிக்கையில் 1.45 என்று உள்ளது. நொதி கூடுதலாக இயங்குகிறது என்று மகிழலாமா?

பதில்: இல்லை, இந்த எண் உயர்ந்தால் குறைபாடு என்றே பொருள். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் சிவப்பணுக்களைச் சிதைத்து எடுத்த கரைசலில் நொதியின் வேகத்தை முதலில் அப்படியே அளப்பார்கள். பிறகு எஃப்ஏடி சேர்த்து மறுபடி அளந்து, இரண்டாம் அளவை முதல் அளவால் வகுப்பார்கள். அப்படிக் கிடைப்பதே செயலூக்கக் குணகம். எல்லா நொதி மூலக்கூறுகளிலும் ஏற்கெனவே துணைநொதி நிறைந்திருந்தால் வேகம் அதிகம் கூடாது, விடை 1-ஐ ஒட்டியிருக்கும். 1.45 என்றால், சேர்த்த எஃப்ஏடியால் வேகம் 45 விழுக்காடு கூடியது, அதாவது துணைநொதியின்றிச் செயலற்றுக் கிடந்த நொதி உங்கள் சிவப்பணுக்களில் கணிசமாக இருந்தது. பொதுவாக 1.2 வரை போதுமானது, 1.4-க்கு மேல் குறைபாடு என்பார்கள். சில ஆய்வகங்கள் 1.3-ஐயே எல்லையாகக் கொள்கின்றன.

கேள்வி: சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்கிறார்கள். மாத்திரை எடுத்தால் பழைய அணுக்கள் மறையும்வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லாததால் புதிய நொதியை அது உருவாக்காது. ஆனால் ரிபோஃப்ளேவினை எஃப்ஏடியாக மாற்றும் திறன் அதனிடம் உண்டு. எனவே ஏற்கெனவே இருக்கும் நொதியே உயிர்பெறுகிறது, சில வாரங்களுக்குள் குணகம் இறங்கத் தொடங்கும்.

கேள்வி: எனக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுவில் அப்பெயருள்ள நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும் நிலை, உள்ளது. இந்தச் சோதனை பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அக்குறைபாட்டில் குளூட்டாதயோன் ரிடக்டேஸ் எஃப்ஏடியை வழக்கத்தைவிட இறுகப் பற்றிக்கொள்வதால், உணவில் வைட்டமின் குறைவாக இருந்தாலும் குணகம் நல்ல நிலையைக் காட்டிவிடும். சோதனைக்கு முன்பே மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: பி2 குறைந்தால் பி6-உம் பாதிக்கப்படுமா?

பதில்: ஆம். பி6-ஐச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் ஆக்சிடேஸ் நொதி, ரிபோஃப்ளேவினிலிருந்து கிடைக்கும் மற்றொரு துணைநொதியான எஃப்எம்என் இல்லாமல் இயங்காது. அந்த நொதியும் சிவப்பணுவில் இருப்பதால், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு மாற்றாக அதன் செயல்பாட்டை அளக்கும் முறையும் உண்டு.