நாகர்கோவில் பக்கம் மாடி அறையில் டார்ட் போர்டு மாட்டுவது எப்படி?

மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை, ஹாலோ பிளாக் சுவர், ஸ்டீல் முனை டார்ட். இதற்கு என்ன அளவு, எப்படி மாட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போர்டின் நடுவிலுள்ள சின்ன வட்டம் (அதைத்தான் 'புல்' என்பார்கள்), தரையிலிருந்து 1.73 மீட்டர் (5 அடி 8 அங்குலம்). எறிபவர் நிற்கும் கோடு போர்டின் முகத்திலிருந்து 2.37 மீட்டர் (7 அடி 9¼ அங்குலம்). பிளாஸ்டிக் முனை டார்ட், எலக்ட்ரானிக் போர்டு என்றால் தூரம் மட்டும் 2.44 மீட்டர். எறிபவருக்குப் பின்னாலும் ஒரு மீட்டராவது வேண்டும். போர்டுக்கும் கோட்டுக்கும் நடுவே கதவு எதுவும் திறக்கக் கூடாது.

தூரத்தைப் பலர் சுவரிலிருந்து அளந்துவிடுகிறார்கள். போர்டின் கனமே 38 மி.மீ. பின்னால் பிளைவுட்டும் கட்டையும் சேர்ந்தால் முகம் ஆறேழு சென்டிமீட்டர் முன்னால் வந்துவிடும். அதனால் போர்டை மாட்டிய பிறகு, கொத்தனாரின் தூக்குக்குண்டை அதன் முகத்தை ஒட்டித் தொங்கவிடுங்கள். குண்டின் நுனி தரையில் காட்டும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கிருந்து டேப் பிடியுங்கள்.

மாடித் தரையில் இன்னொரு சிக்கல், வாட்டம். மழைத்தண்ணீர் வடிய வேண்டுமென்று சரிவாகத்தான் தளம் போட்டிருப்பார்கள். சுவரடித் தரைக்கும் கோட்டடித் தரைக்கும் ஓரிரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரலாம். உயரத்தைக் கோடு இருக்கும் தரை மட்டத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து அந்த மட்டத்தைச் சுவருக்குக் கொண்டுபோய்க் குறித்து, அங்கிருந்து 1.73 ஏறுங்கள். கடைசியில் புல்லின் நடுவிலிருந்து, கால்விரல் தொடும் கோட்டு விளிம்பு வரை சாய்வாக டேப் பிடித்தால் 2.93 மீட்டர் வர வேண்டும். வரவில்லையென்றால் உயரமோ தூரமோ தவறியிருக்கிறது.

அளவு சரியாக வந்தாலும், நம்ம மாவட்டத்தில் போர்டைக் கெடுப்பது ஈரம்தான். இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) தொடங்கும் மழை ஐப்பசி, கார்த்திகையிலும் விடாது. நல்ல போர்டு சிசல் நாரில் செய்தது. நம்மூர் ரயில் கற்றாழையின் இனத்தைச் சேர்ந்த செடியின் நார் அது. டார்ட்டை உருவியதும் நார் நெருங்கித் துளையை மூடிக்கொள்ளும். ஈரம் குடித்தால் போர்டு நடுவில் உப்பி, கம்பி தூக்கி, டார்ட் தெறிக்க ஆரம்பிக்கும். தண்ணீர் தெளித்தால் போர்டு நன்றாயிருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது எல்ம் மரப் போர்டு இருந்த காலத்துப் பழக்கம். காகிதச் சுருளில் செய்த விலை மலிவான போர்டை வாங்கவே வாங்காதீர்கள். அதில் விழுந்த துளை மூடாது.

மேற்கு, தென்மேற்கு வெளிச்சுவரில் சாரல் அடித்து ஓதம் ஏறும். உள்சுவர் இருந்தால் அதில் மாட்டுங்கள். 4 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. மெரைன் பிளை எடுத்து, இரு பக்கமும், முக்கியமாக அறுத்த ஓரங்களிலும், பெயின்ட் அடியுங்கள். ஓரம் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். சுவருக்கும் பிளைக்கும் இடையில் 10 மி.மீ. கட்டை வைத்தால் காற்று ஓடும். கரையான் ஏறினாலும் கண்ணில் படும். குளச்சல், முட்டம் போலக் கடலோரமாக இருந்தால் எஸ்.எஸ். ஸ்குரூ மட்டுமே போடுங்கள்.

ஹாலோ பிளாக்கில் துளை உள்கூட்டில் விழுந்தால் ராவல் பிளக் (ஸ்குரூ பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) பிடிமானமில்லாமல் சுற்றும். ஸ்குரூவை ஆறேழு இடங்களில் பரப்பிப் போடப் பிளை உதவும். பழைய வெட்டுக்கல் சுவர் என்றால் டிரில்லின் ஹேமரை நிறுத்திவிட்டுத் துளையுங்கள். இல்லாவிட்டால் சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாக வரும்.

போர்டைத் தாங்கும் பிராக்கெட்டின் பள்ளம் சரியாக 1.73-இல் வர வேண்டும். போர்டின் பின்புற நடு ஸ்குரூ அந்தப் பள்ளத்தில்தான் உட்காரும். மாட்டியதும் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பின்னால் மூன்று இடங்களில் அட்டை மடித்துச் செருகுங்கள். ஆடும் போர்டில் நன்றாக எறிந்த டார்ட்டும் தெறித்து விழும்.

தரையில் டைல்ஸ் இருந்தால் ரப்பர் பாய் கட்டாயம். தெறித்து விழும் டார்ட் டைல்ஸையும் கெடுக்கும், முனையும் மழுங்கும். தலைக்கு மேல் ஒரே டியூப்லைட் இருந்தால் குத்தியிருக்கும் டார்ட்டின் நிழல் அடுத்த கட்டத்தை மறைக்கும். இடமும் வலமும் ஒவ்வொரு விளக்கு, அல்லது போர்டைச் சுற்றும் எல்.இ.டி. வளையம் போடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் காற்று வரும் ஜன்னலைச் சாத்திவிட்டு விளையாடுங்கள்.

20-ஆம் கட்டம்தான் முதலில் தேயும். எண் வளையத்தைக் கழற்றி, போர்டை இரண்டு கட்டம் திருப்பி, வளையத்தை மறுபடி மாட்டுங்கள். ஒரு கட்டம் மட்டும் திருப்பினால், கறுப்பாக இருக்க வேண்டிய 20-இன் இடத்தில் வெள்ளை வந்துவிடும். டார்ட்டை மேலும் கீழும் அசைக்காமல், லேசாகத் திருகி நேராக உருவுங்கள். முனையைத் துணியால் துடைக்கும்போது நூல் மாட்டினால் அதில் பிசிர் இருக்கிறது என்று அர்த்தம். எமரி தாளில் தேய்த்துவிட்டு எறியுங்கள்.