அமெரிக்காவுல கொலராடோ மலைல ரெண்டே பேரா கல்யாணம் பண்ணிக்கணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

முதல்ல கல்யாண லைசென்ஸ். கொலராடோல ஐயர், பாதிரி, சாட்சின்னு யாரும் தேவையில்ல, நீங்க ரெண்டு பேரே கையெழுத்துப் போட்டா கல்யாணம் செல்லும், அதான் ஓடிப்போறவங்க எல்லாம் அங்க போறாங்க 😄. எந்த கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஆபீஸ்ல லைசென்ஸ் வாங்கினாலும் மாநிலம் முழுக்க செல்லும், வாங்கின 35 நாளுக்குள்ள கல்யாணம், முடிஞ்சு 63 நாளுக்குள்ள பேப்பரை திருப்பிக் கொடுக்கணும்.

ராக்கி மவுன்டன் நேஷனல் பார்க்னா ரெண்டு பேரா இருந்தாலும் பெர்மிட் வேணும், அவங்க ஒதுக்கின இடத்துலதான் பண்ண முடியும், அதனால சீக்கிரமே புக் பண்ணிடுங்க. பார்க்குக்குள்ள மலைமேல ஏறிப் போற ட்ரெயில் ரிட்ஜ் ரோடு குளிர்காலம் பூரா மூடிதான் இருக்கும், பெரும்பாலும் மே கடைசிலதான் திறப்பாங்க.

இப்ப முக்கியமான விஷயம், நேரம். ஜூலை, ஆகஸ்ட்ல மதியம் ஆனா இடி மின்னல் வந்துடும், மரமே இல்லாத உயரத்துல நீங்கதான் அங்க உயரமான பொருள், அதனால விடிகாலைலயே வச்சுக்கோங்க, வெளிச்சமும் அப்பதான் அழகு. ட்ரெயில் ரிட்ஜ் ரோடே 3,700 மீட்டர் வரைக்கும் ஏறுது, ப்ளேன்லேர்ந்து இறங்கின உடனே மலை ஏறாம ஒரு நாள் டென்வர்லயாவது தங்குங்க, இல்லன்னா மாலை மாத்துற நேரத்துல தலை சுத்தும்.

அப்புறம் ஒரு கிளிப் போர்டு எடுத்துட்டுப் போங்க. நாங்க மறந்துட்டோம், காத்துல லைசென்ஸ் பறக்க, இவர் வேஷ்டியோட அதைத் துரத்தினதுதான் எங்க ஆல்பத்துலயே நல்ல போட்டோ. கடைசில கார் பானெட்மேல அமுக்கிப் பிடிச்சு கையெழுத்துப் போட்டோம்.