மறு: சீலிங் கழற்றியாச்சு, புகை அலாரத்துக்கு லைன் எங்கிருந்து எடுப்பது?

வணக்கம். உங்கள் டர்பன் சாட்ஸ்வர்த் வீட்டில் சீலிங் திறந்திருக்கும்போதே மூன்று படுக்கையறைக்கும் நடைக்கும் ஒயர் இழுத்துவிடுவது நல்ல முடிவு. ஆனால் உங்கள் எலெக்ட்ரீஷியன் சொல்வதுபோல் லைட் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து எடுக்க விடாதீர்கள். விளக்கை அணைத்ததும் அலாரம் பேட்டரிக்குப் போய்விடும். லோட் ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்ட் நிறுத்துவது) வரும் நாளில் பேட்டரி தீர்ந்து கிடக்கும். சுவிட்சுக்கு முன்னால், எப்போதும் கரண்ட் இருக்கும் லைனில் எடுங்கள். லைட் சர்க்யூட்தான் சரி, அது போனால் உடனே தெரியும். பிளக் சர்க்யூட்டில் எடுத்தால், கெட்டில் கோளாறில் எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தாலும் அலாரத்துக்குக் கரண்ட் நின்றுவிடும்.

அலாரங்களுக்கிடையே லைன், நியூட்ரல், ஒன்று அலறினால் எல்லாம் அலற வைக்கும் இணைப்புக் கம்பி மூன்றும் வேண்டும். எனவே மூன்று கோர் (உள் கம்பி), கூடவே எர்த் உள்ள கேபிள் வாங்குங்கள். பச்சை-மஞ்சள் எர்த்தை இணைப்புக் கம்பியாக்குவது ஆபத்து, ஒருபோதும் கூடாது. இணைப்பு முனையில் தவறி 230 வோல்ட் பட்டால் அலாரங்கள் பாழாகிவிடும். எல்லாம் ஒரே பிராண்ட், ஒரே சர்க்யூட்டில் இருக்கட்டும்.

சமையலறைக்கு வெப்ப அலாரம் போடுங்கள். நடையில் உள்ளதை சாமி அறை வாசலிலிருந்து தள்ளி வையுங்கள். சாம்பிராணிக்குத் தினமும் அலறினால் யாராவது கழற்றிவிடுவார்கள். பூச்சைத் தேய்த்து முடியும்வரை அலாரத்தின் தூசி மூடியை எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியனிடம் இந்த மாற்றத்துக்கான சிஓசி (மின்வேலை விதிப்படி உள்ளது என்ற) சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.