உத்தரம் போட்ட வீட்டில் அட்மாஸ் பறக்குமா?

தீபாவளி போனஸ் நெருங்குகிறது என்பதை நாட்காட்டி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்கு வரும் கேள்விகளே சொல்லிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் ஹோம் தியேட்டர் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தாத்தா கட்டிய வீட்டில் இருக்கிறோம். கூடம் பத்தடிக்குப் பதினான்கடி. மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரம், அதன்மேல் வரிசையாகக் கட்டைகள், அதற்கும் மேல் செங்கல். கடையில் 65,000 ரூபாய்க்கு 5.1.2 அட்மாஸ் சவுண்ட்பார் காட்டினார்கள், டிவிக்கு அடியில் வைக்கும் நீளப் பெட்டி. அதிலுள்ள ஸ்பீக்கர் ஒலியைக் கூரையில் மோதவிட்டு, ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறப்பதுபோலக் கேட்கவைக்குமாம். கடையில் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. வாங்கலாமா?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: வாங்காதீர்கள் அம்மா. பெட்டியில் குறை இல்லை, உங்கள் கூரைக்கு அது ஒத்துவராது.

5.1.2 என்பதில் முதல் எண் காது மட்டத்தில் நிற்பவை: முன்னால் மூன்று, பின்பக்கம் இரண்டு. நடுவிலுள்ள 1, தாழ்ந்த ஓசைக்கான சப்வூஃபர். கடைசி 2 தலைக்கு மேலிருந்து கேட்க வேண்டியவை. பழைய முறையில், 'இது இடது பின் ஸ்பீக்கருக்கு' என்று ஒலிக்கலவை செய்பவரே பிரித்து அனுப்பிவிடுவார். 2012இல் திரையரங்குக்கும் 2014இல் வீட்டுக்கும் வந்த டால்பி அட்மாஸ் அதோடு நிற்பதில்லை. ஹெலிகாப்டரின் ஓசையோடு, அந்த நொடியில் அது எந்த இடத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்ற குறிப்பும் சேர்ந்தே வருகிறது. வீட்டில் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறது, எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து ஓசையைப் பங்கிடுவது பிராசஸரின் வேலை. அருமையான கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கு, மேலே ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது என்று நம்பிப் போடப்படுகிறது. சவுண்ட்பாரில் மேலே எதுவும் இல்லை. கூரையிலிருந்து திரும்பி வரும் ஒலிதான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

நம் பக்கத்தில் கேரம் தெரியாதவர் யார்? ஸ்டிரைக்கரைச் சட்டத்தில் அடித்துத் திருப்பிக் காயைப் போடுவீர்கள். சட்டம் நேராக இருக்கும்வரை கணக்குத் தப்பாது. அரையடிக்கு ஒரு கட்டை துருத்திக்கொண்டிருக்கும் சட்டத்தில் அடித்துப் பாருங்கள், ஸ்டிரைக்கர் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கூடத்தில் ஒலிக்கும் அதே கதிதான். மேல்நோக்கும் ஸ்பீக்கருக்குச் சமதளமான, கெட்டியான கூரை வேண்டும், உயரம் 7.5 அடி முதல் 12 அடிவரை இருப்பது நல்லது, 14 அடியைத் தாண்டக் கூடாது என்று டால்பி நிறுவனமே சொல்லியிருக்கிறது. உயரம்கூட உங்களுக்கு ஒருவேளை சரியாக இருக்கலாம், சமதளத்துக்கு எங்கே போவீர்கள்? ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டவர்களுக்கும் இதே பதில்தான். கடையில் நன்றாகக் கேட்டதற்கு, கடையின் கூரை கடைக்காரருடையது என்பதே காரணம்.

இன்னொரு வழி இருக்கிறது. உத்தரத்தை இடைஞ்சல் என்று நினைக்காதீர்கள், ஸ்பீக்கரைத் திருகு போட்டு மாட்ட அதைவிட வாகான இடம் கான்கிரீட் வீட்டுக்காரருக்குக் கிடைக்காது. அட்மாஸ் வசதியுள்ள ஏழு சேனல் ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஏழு ஸ்பீக்கருக்குத் தனித்தனியாக அனுப்பும் பெட்டி) ஒன்றும், முன்னால் வைக்க நல்ல ஸ்பீக்கர் மூன்றும் இந்தத் தீபாவளிக்கு வாங்குங்கள். சப்வூஃபர் பொங்கலுக்கு. பின்பக்கத்து இரண்டு அடுத்த ஆண்டு. அதற்குப் பிறகும் ஆசை மிச்சமிருந்தால், எடை குறைந்த இரண்டு ஸ்பீக்கர்களை உத்தரத்தில் மாட்டிக்கொள்ளலாம். பல சவுண்ட்பார்களை இப்படித் தவணை முறையில் வளர்க்க முடியாது, முழுதாக வாங்கி முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேள்வி: அசெம்பிள் செய்த 5.1 ஆம்பிளிஃபயரை 8,500 ரூபாய்க்கு வாங்கினேன். முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று ஸ்டிக்கர். டிவியிலிருந்து சிவப்பு, வெள்ளை வயர் இரண்டைச் செருகியிருக்கிறேன். ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான் வருகிறது. கடைக்காரர், "செட்டிங் அப்படித்தான், விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்ததுதான் பில்.
— வாசகர், வியாசர்பாடி

பதில்: சிவப்பும் வெள்ளையும் சுமந்து வருவது இரண்டே சேனல். தனித்தனியாகப் பதிவான ஐந்து சேனல்கள் அந்த வழியில் வரவே முடியாது. டால்பி டிஜிட்டல் என்பது அவற்றைச் சுருக்கி ஒன்றாக அனுப்பும் முறை. அது வேண்டுமென்றால் ஆப்டிகல், கோஆக்சியல், எச்டிஎம்ஐ இவற்றில் ஏதாவது ஒன்று பின்புறம் இருக்க வேண்டும், உள்ளே அதைப் பிரித்துப் படிக்கும் சிப்பும் இருக்க வேண்டும். முகப்பு ஸ்டிக்கரை விட்டுவிட்டு, பெட்டியைத் திருப்பிப் பின்புறம் என்ன துளைகள் இருக்கின்றன என்று பாருங்கள்.

இரண்டு சேனலை வைத்துக்கொண்டே பின்பக்க ஒலியை வரவழைக்கும் தந்திரம் ஒன்று பழையது. 1982இல் டால்பி சரவுண்ட் என்று வீட்டுக்கு வந்தது, 1987இல் புரோ லாஜிக், 2000இல் புரோ லாஜிக் 2 என்று வளர்ந்தது. இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கும் ஒலியை நடு ஸ்பீக்கருக்கு அனுப்புவார்கள், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துப் பின்னால் தள்ளுவார்கள். அடிப்படை அவ்வளவுதான். நல்ல அசெம்பிள் பெட்டிகளில் இதற்கான போர்டு இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். மட்டமானவற்றில் வெறும் வயரைக் கிளை பிரித்து ஐந்து ஸ்பீக்கருக்கும் கொடுத்திருப்பார்கள்.

எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். செய்திச் சேனலைப் போடுங்கள். பின்னணி இசை நின்று, வாசிப்பவர் குரல் மட்டும் வரும்போது எழுந்து போய்ப் பின் ஸ்பீக்கரில் காதை வையுங்கள். குரல் இரண்டு சேனலிலும் ஒன்றாகவே இருப்பதால் வித்தியாசம் பூஜ்யம். புரோ லாஜிக் வேலை செய்தால் பின்னால் ஏறக்குறைய மௌனம்தான் இருக்க வேண்டும், குரல் நடுவிலிருந்து வர வேண்டும். பின்னாலும் அவர் உரக்கச் செய்தி வாசித்தால், ரிமோட்டில் 'எல்லாவற்றிலும் ஸ்டீரியோ' என்பதுபோல ஏதாவது தேர்வாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கிளை வயர்தான்.

இனி கடைக்காரர் விஷயம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்கில் சேரும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் எழுதி வைத்திருப்பது சட்டத்தை ரத்து செய்துவிடாது. முதலில் பணம் போன சான்றைத் தேடி எடுங்கள். கைப்பேசியில் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவே போதும், ஸ்டிக்கரையும் பின்புறத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். 8,500 ரூபாய்க்காகவா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

கேள்வி: 12,000 வாட் பிஎம்பிஓ என்று போட்டிருக்கும் டவர் ஸ்பீக்கர் வாங்கினால் வீட்டு மீட்டர் தாங்குமா?
— வாசகர், கொடுங்கையூர்

பதில்: பயப்படாதீர்கள். பின்புறச் சீட்டில் மின் நுகர்வு 60 வாட்டோ 80 வாட்டோ என்று பொடி எழுத்தில் இருக்கும். சுவரிலிருந்து 60 வாட் வாங்கிக்கொண்டு யாரும் 12,000 வாட் திருப்பித் தர முடியாது. பிஎம்பிஓ என்பது ஒரு கணம் எட்டும் உச்சம் என்று விளம்பரத்துக்குப் போடும் எண், அதற்கு அளவுகோல் என்று எதுவும் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய சக்தியான ஆர்எம்எஸ் வாட், அதுவும் எத்தனை ஓம் மின்தடையில் என்று போட்டிருந்தால் மட்டும் படியுங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடி. படத்தில் பேசுவது அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால், சண்டைக் காட்சியில் கீழ்வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள். 5.1 செட் நல்ல கம்பெனிதான். என்ன கோளாறு?
— வாசகர், புளியந்தோப்பு

பதில்: கோளாறு இல்லை. பேச்சுக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே திரையரங்கில் விடும் இடைவெளி அப்படியே உங்கள் பத்தடி அறைக்கு வந்திருக்கிறது.

5.1இல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர் ஒன்றிலிருந்துதான் வருகிறது. அது உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? என் ஊகம், டிவி அலமாரியின் கீழ்த்தட்டில், செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால், முழங்காலைப் பார்த்தபடி. அதை வெளியே எடுத்து, விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் சற்று உயரும்படி அடியில் ஏதாவது கொடுத்து அம்மாவின் முகத்துக்கு நேராகத் திருப்புங்கள். பிறகு மெனுவில் நடு சேனலை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். இரவு நேரத்துக்கென்று ஒரு தேர்வு இருக்கும், நைட் மோட் என்றோ டிஆர்சி என்றோ பெயர். அது உரத்ததை அமுக்கி, மெல்லியதை உயர்த்தும். ஒலிப் பித்தர்கள் அதைத் தொடவே கூடாது என்பார்கள். அவர்களுக்குக் கீழ்வீடு கிடையாது.

சப்வூஃபர் மூலையில் இருந்தால் அங்கிருந்து எடுங்கள். இரண்டு சுவர் சேரும் இடம் தாழ்ந்த ஓசையை ஊதிப் பெரிதாக்கும். அடியில் கனமான ரப்பர் விரிப்புப் போட்டால் தரை அதிர்வது கொஞ்சம் குறையும். ஆனால் காற்று வழியாகப் போகும் பாஸை, அதாவது தாழ்ந்த ஓசையை, ரப்பர் தடுக்காது, இரவு பத்துக்கு மேல் அதன் அளவைக் குறைப்பதுதான் வழி. எவர்சில்வர் பாத்திரம் அடுக்கிய ஷெல்ஃப் கூடத்தில் இருந்தால் அதையும் கவனியுங்கள். பாஸ் வரும்போது டம்ளர்கள் கிணுகிணுப்பதை ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து சர்வீஸுக்கு எடுத்துப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்பீக்கர்களின் தூரத்தை மெனுவில் கொடுத்தீர்களா? ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகும். முன் ஸ்பீக்கர் ஒன்பது அடியிலும் பின் ஸ்பீக்கர் நான்கு அடியிலும் இருந்தால், பின்னால் உள்ளது ஐந்து மில்லிசெகண்ட் முந்திக்கொண்டு பேசும். தூரத்தைச் சரியாகக் கொடுத்தால் பிராசஸர் அதை நிறுத்தி வைத்து அனுப்பும். பெட்டியோடு சின்ன மைக் வந்திருந்தால் சோபாவில் அம்மா உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை வைத்துத் தானாக அளக்க விடுங்கள், அப்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அளந்து முடிந்ததும் இடது வலது மாறியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் பின் ஸ்பீக்கர்கள் இரண்டு ஆண்டுகள் இடம் மாறியே பாடின. ஊருக்கெல்லாம் பதில் எழுதுகிற எனக்கு அது தெரியவில்லை, லீவுக்கு வந்த அக்கா மகன் கண்டுபிடித்தான்.

கேள்வி: பென்டிரைவில் போட்ட சில படங்களுக்கு மட்டும் புது டிவியில் சத்தமே இல்லை. டிவியை மாற்றித் தரச் சொல்லலாமா? ஆப்டிகல் வயரில் அட்மாஸ் வருமா?
— வாசகர், கொளத்தூர்

பதில்: சத்தம் வராத படங்களின் ஒலி பெரும்பாலும், டால்பிக்குப் போட்டியான டிடிஎஸ் வடிவில் இருக்கும். பல டிவிகளில் அதைப் படிக்கும் உரிமத்தை நிறுவனங்கள் வாங்குவதில்லை. கையேட்டில் டிடிஎஸ் உண்டு என்று அச்சிட்டிருந்தால் சண்டை போடுங்கள், இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. டிடிஎஸ் படிக்கும் ரிசீவர் இருந்தால், மீடியா பிளேயர் வழியாக நேராக அதில் கொடுங்கள்.

ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல் 5.1 வரும், அட்மாஸ் வராது. ஓடிடி தளங்கள் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற உறையில் அனுப்புகின்றன, அதற்கு டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ ஆர்க் துளை போதும், டிவியும் அனுமதிக்க வேண்டும். புளூ-ரே வட்டிலுள்ள, தரம் குறையாத டால்பி ட்ரூஎச்டி ஒலி டிவி வழியாகப் போக வேண்டுமானால்தான் ஆர்க்கைவிட அதிகம் சுமக்கும் இ-ஆர்க் தேவை. சில தளங்கள் உயர்ந்த சந்தாக்காரருக்கு மட்டுமே அட்மாஸ் தருகின்றன, பெட்டியைத் திட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கடலோரம் வீடு. ஸ்பீக்கர் வயரின் முனை ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிடுகிறது. தங்க முலாம் பூசிய வயர் வாங்கலாமா?
— வாசகி, காசிமேடு

பதில்: உப்புக்காற்றின் வேலை அது. தங்கம் பூசிய பிளக்குக்குப் பயன் உண்டு, ஆனால் அதற்காக மீட்டர் ஆயிரம் ரூபாய் வயர் தேவையில்லை. தெருமுனை எலக்ட்ரிக் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு இரட்டை வயர் கேளுங்கள், இருபது அடி ஓட்டத்துக்கு அது தாராளம். பச்சை பூத்த பகுதியை ஓர் அங்குலம் வெட்டி எறிந்து, புதிதாகச் சீவிய முனையில் ஈயம் பற்றவைத்து மாட்டுங்கள். மாட்டும்போது எல்லா ஸ்பீக்கரிலும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. முன்னால் ஒன்று மட்டும் தலைகீழானால் பாஸ் காணாமல் போய், பாட்டு நடுவில் குழி விழுந்ததுபோலக் கேட்கும், நீங்கள் மறுபடியும் கடற்காற்றைத்தான் குறை சொல்வீர்கள்.