கேஷுவால்டியில் கை பழகுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹவுஸ் சர்ஜனுக்கு கேஷுவால்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) இரண்டு வாரம்தான் போஸ்டிங். அதற்குள் எதைக் கற்றுக்கொள்வது?
– பயிற்சி மருத்துவர், குடியாத்தம்

பதில்: நோயின் பெயரைத் தேடும் பழக்கத்தைச் சற்றே தள்ளிப்போடக் கற்றுக்கொள்ளுங்கள். டிராலி உள்ளே வந்ததும் மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, பிறகு துணி விலக்கி முழு உடம்பு. இந்த வரிசை மாறக் கூடாது. ஒன்றில் கோளாறு தெரிந்தால் அதைச் சரிசெய்த பிறகே அடுத்தது.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிபட்டவரைக் கொண்டுவருகிறார்கள். காலில் எலும்பு வெளியே தெரிகிறது. எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். நாக்கு பின்னால் சரிந்து குறட்டைபோல் வரும் சத்தம் யார் காதிலும் விழாது. உயிரை எடுப்பது அந்தச் சத்தம்தான். கழுத்தை அசைக்காமல், இரு கைகளாலும் தாடையை முன்னால் தூக்குங்கள்.

ஆம்பு பேக்கில் (மாஸ்க் வழியாகக் கையால் காற்று செலுத்தும் பை) ஒருவர் இரு கைகளாலும் மாஸ்க்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் பையை அமுக்கட்டும். நாடித்துடிப்பு உள்ள பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒரு முறை, நெஞ்சு லேசாக எழும் அளவுக்குப் போதும். பதற்றத்தில் வேகமாகப் பிழிந்தால் காற்று வயிற்றுக்குள் போகும், வாந்தி வரும், அது நுரையீரலில் இறங்கும். நினைவில்லாமல் வருபவர் யாராக இருந்தாலும் விரல் நுனியில் சர்க்கரை பாருங்கள்.

கேள்வி: பாம்புக்கடிக்கு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை சொல்லித் தருகிறோம். ஒரே நோயாளியிடம் இரண்டு மாணவர்கள் செய்தால் இரண்டு விதமாக வருகிறது. ஏன்?
– மருத்துவக் கல்லூரி ஆசிரியர், வேலூர்

பதில்: சில பாம்புகளின் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது; அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை. முதலில் டியூபைப் பாருங்கள். புதிய, உலர்ந்த கண்ணாடி டியூபாக இருக்க வேண்டும். ரத்தம் உறையத் தொடங்குவதற்குக் கண்ணாடியின் பரப்புதான் தூண்டுதல். பிளாஸ்டிக் அந்த வேலையைச் செய்யாது. சோப்புத்தூளால் கழுவிய கண்ணாடியும் உதவாது. ஒட்டியிருக்கும் சோப்பு உறைவைக் கெடுத்து, விஷம் ஏறாதவருக்கும் ஏறியதுபோல் காட்டிவிடும்.

அடுத்தது பொறுமை. சிரையிலிருந்து 2 மில்லி எடுத்து டியூபில் விட்டு, நேரத்தை எழுதி, 20 நிமிடம் தொடாமல் நிறுத்த வேண்டும். ஐந்தாவது நிமிடமே ஆட்டிப் பார்க்கும் மாணவர்கள்தான் அதிகம். கடைசியில் ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நலமான ஒருவரின் ரத்தத்தை இன்னொரு டியூபில் பக்கத்திலேயே வையுங்கள்.

உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் பக்கம் யோசிக்கலாம். உறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கட்டு விரியன் கடித்தவருக்கு ரத்தம் நன்றாகவே உறையும். இமை சரியும், பிறகு மூச்சு நிற்கும். இமையைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

விஷமுறிவு மருந்து கலப்பதையும் கையில் கொடுத்தே பழக்குங்கள். தொடக்க அளவு 10 வயல் (மருந்துக் குப்பி). ஒவ்வொரு பொடி வயலிலும் 10 மில்லி ஊசித் தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழற்ற வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். பிறகு சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றலாம். காலாவதியான வயல்களைத் தூக்கிப்போடாமல் பயிற்சிக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஏற்றும் முன்பே 0.5 மி.கி. அட்ரினலின் சிரிஞ்சில் தயாராக இருக்கட்டும். ஒவ்வாமை வந்தால் தொடைத் தசையில் போட வேண்டும். உறைவுச் சோதனையை மறுபடி செய்வது 6 மணி நேரம் கழித்து. கல்லீரல் புதிதாக உறைவுப் பொருள்களைச் செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

கேள்வி: பூச்சிமருந்து குடித்தவருக்குக் கண்பாப்பா விரிந்ததும் அட்ரோபின் என்ற முறிவு மருந்தை நிறுத்தலாமா?
– இறுதியாண்டு மாணவி, ஆற்காடு

பதில்: கூடாது. கண்ணைப் பார்த்து முடிவெடுப்பதுதான் இங்கே பெரிய தவறு. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வையுங்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் விஷத்தில் நுரையீரலில் நீர் கோத்துக் கரகரக்கும். அந்தச் சத்தம் அடங்கி, நாடி 80-க்கு மேலும், மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேலும் வரும்வரை 5 நிமிடத்துக்கு ஒரு முறை அளவை இரட்டிக்க வேண்டும். 0.6 மி.கி. ஆம்பியூலில் (உடைத்துத் திறக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) முதலில் 3, பிறகு 6, பிறகு 12. பத்தே நிமிடத்தில் 21 ஆம்பியூல் உடைத்தாக வேண்டும்! கடிகாரம் வைத்துக்கொண்டு காலாவதியான ஆம்பியூல்களை உடைத்துப் பழகாத கைக்கு அது முடியாது. பிதற்றலும் காய்ச்சலும் வந்து குடல் சத்தம் நின்றுவிட்டால் மருந்து மிஞ்சிவிட்டது என்று பொருள். நிறுத்திவைத்துக் குறைந்த அளவில் தொடங்குங்கள்.

நம் பக்கத்து மாணவர்கள் ஒடுவந்தழை என்னும் நச்சுத்தழையின் விஷத்தையும் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தின்றவர் நடந்தே வருவார், தெளிவாகப் பேசுவார், அதை நம்பி வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பொட்டாசியம் இறங்கி, ரத்தத்தில் அமிலம் கூடி, இதயத் துடிப்பு தாறுமாறாவது பிறகுதான். முறிவு மருந்து கிடையாது. ஈ.சி.ஜி.யும் பொட்டாசியமும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கும் உயிர்காப்பு முறை) பயிற்சி ஒரு முறை போதுமா?
– செவிலியர், ராணிப்பேட்டை

பதில்: போதாது, சில மாதங்களிலேயே கை மறந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொம்மையில் 2 நிமிடம் செய்யுங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ. வார்டு மெத்தையின் மேலேயும் செய்து பாருங்கள். மெத்தை உள்வாங்குவதால் நெஞ்சு அமுங்காது. முதுகுக்கடியில் பலகை வைக்கச் சொல்வது அதனால்தான்.