பல் வெண்மையாக்கும் கட்டணம்: ஒரே சிகிச்சைக்கு ஏன் இரண்டு விலை?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் வசிக்கிறேன், வயது 34. தினமும் நாலைந்து முறை தேநீர் குடிப்பதால் பற்கள் மஞ்சளித்துவிட்டன. இரண்டு மாதத்தில் தங்கைக்குத் திருமணம். பல் வெண்மையாக்க ஒரு கிளினிக்கில் 7,000 ரூபாய் என்கிறார்கள். இன்னொன்றில் 19,000 ரூபாய். மேல்வரிசை முன்பல் ஒன்றுக்குக் கேப் போட்டிருக்கிறேன். எங்கே செய்துகொள்வது?

பதில்: இரண்டு தொகைகளிலும் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பதை முதலில் எழுதி வாங்குங்கள். பரிசோதனை, ஸ்கேலிங் (பல்லில் ஒட்டிக் கெட்டியான காரையைச் சுரண்டி எடுப்பது), எத்தனை முறை வெண்மையாக்கும் ஜெல் பூசுவார்கள், பல் கூசினால் பார்க்கத் தனிக் கட்டணம் உண்டா, வரி சேர்ந்ததா ஆகிய விவரங்கள் தெரியாமல் எது மலிவு என்று சொல்லவே முடியாது. இது அழகுக்கான சிகிச்சை என்பதால் மருத்துவக் காப்பீட்டில் பொதுவாகத் தொகை கிடைக்காது. முழுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான்.

தேநீர்க் கறையில் பெரும்பகுதி பல்லின் வெளி அடுக்கான எனாமலின் மேற்பரப்பிலும், பல்லில் ஒட்டிய காரையிலும் படிந்திருக்கும். ஆகவே ஸ்கேலிங்கும் பாலிஷும் செய்து ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியைப் பாருங்கள். இதுவே போதும் என்று நிறுத்திக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆன செலவு வெண்மையாக்கும் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். பற்காரையின் மேல் ஜெல் பூசுவது வீண் என்பதால், வெண்மையாக்குவதாக இருந்தாலும் ஸ்கேலிங் முன்னதாக நடந்தாக வேண்டும்.

அதற்குப் பிறகும் மஞ்சள் தெரிந்தால் அது பல்லின் உள்நிறம். ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலை ஊடுருவி அதற்கு அடியிலுள்ள டென்டின் அடுக்கு வரை சென்று அங்குள்ள நிறமிகளை உடைப்பதுதான் ப்ளீச்சிங். கிளினிக்கில் பயன்படுத்தும் ஜெல்லில் இது பெரும்பாலும் 25 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். இவ்வளவு வீரியமான ஜெல் ஈற்றில் படக்கூடாது என்பதற்காக, ஈற்றோரம் முழுவதும் ஒரு பிசினைப் பூசி, ஒளியால் இறுகச் செய்கிறோம். அதில் ஊசிமுனை அளவு இடைவெளி விழுந்தாலும் அந்த இடத்து ஈறு சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்து எரியும். சிறிது நாளில் ஆறிவிடும் என்றாலும், அந்தத் தடுப்பை நிதானமாகப் போடுவதற்கும், ஜெல்லை இரண்டு மூன்று சுற்று மாற்றிப் பூசுவதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நியாயமான கட்டணத்தின் பெரும்பகுதி இந்த நேரத்துக்கும், ஒருவருக்கு மட்டுமே பயன்படும் ஜெல் தொகுப்புக்கும் உரியது. ‘லேசர்’ என்றோ ‘எல்இடி’ என்றோ சொல்லிக் கூடுதலாக வாங்கும் தொகைக்கு அதே நியாயம் இல்லை. நீடிக்கும் நிறத்தில் அந்த ஒளி பெரிய வேறுபாட்டைத் தருவதாக ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. சிகிச்சை முடிந்த உடனே தெரியும் பளீர் வெண்மையில் ஒரு பகுதி பல் உலர்ந்திருப்பதால் வருவது. ஓரிரு வாரத்தில் அது சற்று இறங்கும்.

உங்களுக்கு இரண்டு மாத அவகாசம் இருப்பதால் நான் பரிந்துரைப்பது வீட்டில் போடும் ட்ரே முறை. பற்களுக்கு அளவெடுத்து மெல்லிய ட்ரே செய்து, 10 முதல் 16 சதவீத கார்பமைடு பெராக்சைடு (பல்லில் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடாகப் பிரியும் பொருள்) ஜெல்லுடன் தருவார்கள். 10 சதவீத ஜெல்லிலிருந்து கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறத்தாழ 3.5 சதவீதம்தான் என்பதால் மாற்றம் மெதுவாக வரும். இரண்டு மூன்று வாரம் இரவில் அணிய வேண்டும். ஆனால் எந்த முறையில் வெளுத்தாலும், தேநீரை விடாதவர்களுக்கு ஓரிரு ஆண்டில் நிறம் மங்கத் தொடங்கும். ட்ரேயைப் பத்திரமாக வைத்திருந்தால் அப்போது ஜெல்லுக்கு மட்டும் செலவழித்தால் போதும். ஐந்து ஆண்டுக் கணக்கில் இதுதான் சிக்கனம்.

உங்கள் விஷயத்தில் உண்மையான செலவு கேப்பில்தான் ஒளிந்திருக்கிறது. கேப்பும் சொத்தையை அடைத்த இடங்களும் ப்ளீச்சிங்கில் நிறம் மாறுவதில்லை. சுற்றிலும் பற்கள் வெளுத்த பிறகு பழைய கேப் மட்டும் மஞ்சளாகத் தனித்துத் தெரியும். அதை மாற்றும் செலவு வெண்மையாக்கும் கட்டணத்தையே தாண்டிவிடலாம். இரண்டு கிளினிக்கிலும் இதை உங்களிடம் சொல்லவில்லை என்றால், எனக்கு அது வருத்தமளிக்கிறது. 16 மாதிரிப் பற்கள் கொண்ட நிற அட்டையை உங்கள் கோரைப்பல்லருகே வைத்து, தொடக்க நிறத்தைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். கேப்பின் நிறத்துக்கு ஓரளவு வந்தாலே போதும் என்று முடிவுசெய்தால், கேப்பைத் தொடாமல் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சொத்தை, ஈறு வீக்கம், கர்ப்பம் இருந்தால் இப்போது வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நீரால் வரும் ஃப்ளோரைடு கறை உள்ளவர்களுக்கு வழி வேறு. ப்ளீச்சிங்கில் அவர்களுடைய வெள்ளைத் திட்டுகள் முதலில் இன்னும் எடுப்பாகத் தெரியலாம்.

முதல் வாரம் ஸ்கேலிங், அடுத்த மூன்று வாரம் ட்ரே, பிறகு நிறம் நிலைப்பதற்கு இரண்டு வாரம் இடைவெளி, அதன் பின்னரே புதிய கேப்புக்கு அளவு என்று வைத்துக்கொண்டால் திருமணத்துக்குள் முடிந்துவிடும். கேப்பை நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன், கிளினிக் விளக்கை விட்டு ஜன்னலோரம் வந்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.